டெல்டாவில் குடும்பக் கார் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்டாவில் கார் பேச்சு பெரும்பாலும் இரண்டு சமயங்களில் கிளம்பும். சம்பா நெல் போட்ட காசு வங்கிக் கணக்கில் ஏறும்போது ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை லீவுக்கு வந்து, “இன்னும் எத்தனை நாளைக்கு வாடகை வண்டி?” என்று கேட்டுவிட்டுப் போகும்போது இன்னொன்று. முன்பெல்லாம் பெட்ரோலா டீசலா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். இப்போது சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), ஹைப்ரிட் (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது), மின்சாரம் என்று ஷோரூமில் நாலைந்து வழி காட்டுகிறார்கள். வரியும் மாறிவிட்டது, மாடலும் வருடத்துக்கு ஒருமுறை முகம் மாறுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். சென்னைக்காரருக்குச் சரியாக வரும் வண்டி நம் ஆற்றங்கரைச் சாலைக்குச் சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

சந்தை இவ்வளவு வேகமாக மாறுகிறதே, இன்னும் கொஞ்சம் பொறுத்து வாங்கலாமா?

பொறுத்தால் நிலைமை ஒரு இடத்தில் நிற்கும் என்று நினைத்தால் அது நடக்காது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. அதோடு மாருதி டீசல் காரையே கைவிட்டது. 2023 ஏப்ரலில் அதே விதியின் இரண்டாம் கட்டம். அதே ஆண்டு அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாற்றம். அடுத்து 2027 ஏப்ரலில் எரிபொருள் சிக்கன விதியின் மூன்றாம் கட்டம் வர இருக்கிறது. வருடா வருடம் ஏதோ ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

பொறுக்க ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. நீங்கள் எடுக்க நினைக்கும் அதே மாடலின் புதிய தலைமுறை இரண்டு மூன்று மாதத்தில் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் நிறுத்தி வையுங்கள். பழைய உருவத்தை வாங்கிய மறுநாளே அதன் மறுவிற்பனை விலை இறங்கிவிடும். ஆனால் வீட்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் போகிறவர் இருந்தால், மாடல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எட்டு லட்சம் பட்ஜெட் என்றால் எட்டு லட்சம் விலைபோட்ட வண்டியைப் பார்க்கலாம்தானே?

பார்க்கக் கூடாது. விளம்பரத்தில் இருப்பது ஷோரூம் விலை. அதற்கு மேல் சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்துதான் ஆன்ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கான ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

இதில் 10 லட்சத்தில் இருக்கும் படியைக் கவனியுங்கள். 9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10 லட்சத்து 10 ஆயிரம் விலையுள்ளதற்கு 1,81,800. வண்டி விலையில் வித்தியாசம் 20 ஆயிரம்தான், வரியில் மட்டும் 53 ஆயிரம் கூடுகிறது. அதோடு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி, பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். சன்ரூஃப் வேண்டும் என்பதற்காக ஒரு படி மேல் வேரியன்ட்டுக்குப் போகும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

“ஹேண்ட்லிங் சார்ஜ்” என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டவுடன் எடுத்துவிடுவார்கள். தரைவிரிப்பு, சீட் கவர், கோட்டிங் என்று 30 ஆயிரத்துக்குத் தலையில் கட்டுவதும் அதே வகைதான்.

ஜிஎஸ்டி குறைந்தது எல்லா வண்டிக்கும் ஒன்றா?

இல்லை. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். இதில் ஒன்று தாண்டினாலும் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு முன்பிருந்த 5 சதவீதமே தொடர்கிறது. நெக்ஸான், பஞ்ச், டிரைபர் எல்லாம் 18-க்குள் வரும். பிரெஸ்ஸா நீளத்தில் சின்ன வண்டிதான், ஆனால் 1462 சிசி பெட்ரோல் என்பதால் 40-ல் போய் உட்காருகிறது. எர்டிகாவும் 40-தான். முன்பு செஸ் என்ற கூடுதல் வரி எல்லாம் சேர்த்து இவற்றுக்கு இன்னும் அதிகமாக இருந்ததால் விலை குறைந்ததென்னவோ உண்மை.

காரைக்காலில் வாங்கினால் வரி குறைவாமே? பக்கத்தில்தானே இருக்கிறது.

திருநள்ளாறு போய்விட்டு வருகிற வழியில் எல்லோருக்கும் வரும் யோசனை இது. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது, அங்கே வரி குறைவுதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும், அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் ஊரில்தான் பதிவு செய்ய வேண்டும். காரைக்காலில் வீடோ கடையோ உள்ளவர் பிஒய் 02 எண் வாங்குவது நியாயம். திருமருகலில் குடியிருந்துகொண்டு உறவினர் முகவரியைக் காட்டி வாங்கினால், தமிழ்நாட்டு வரியை எப்படியும் கட்டத்தான் வேண்டிவரும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடினால் பதிவையும் மாற்ற வேண்டும். வாகனச் சோதனையில் மாட்டினால் அபராதம் தனி. விபத்து இழப்பீடு கேட்கும்போது முகவரிச் சிக்கல் வந்தால் அது இன்னும் பெரிய தலைவலி. போகிற வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் ஆறு பேர். ஏழு சீட் வண்டி எடுத்தே ஆக வேண்டுமா?

ஆறு பேரும் சேர்ந்து எத்தனை நாள் போகிறீர்கள் என்று பாருங்கள். குலதெய்வக் கோவில், வேளாங்கண்ணி, சொந்தத்தில் நாலு கல்யாணம், ஒரு சபரிமலை. மீதி நாளெல்லாம் இரண்டு பேரோ மூன்று பேரோதான். அந்தச் சில நாளுக்கு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் டிரைவரோடு வரும், அப்பாவுக்கும் நிம்மதி. வருடம் முழுக்க நீளமான வண்டியைக் கும்பகோணம் தெருவில் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதே சமயம் தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்து, வாரக் கடைசியானால் எல்லோரும் கிளம்புகிற குடும்பம் என்றால் ஏழு சீட் எடுங்கள். எடுக்கும்போது மூன்றாம் வரிசையில் வளர்ந்த ஆள் ஒருவரை உட்காரவைத்து ஊர் எல்லை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷோரூமில் நின்றபடி உட்கார்ந்து பார்ப்பது போதாது. டிரைபர் 4 மீட்டருக்குள் ஏழு பேரை உட்காரவைக்கிறது, கெட்டிக்காரத்தனமான அமைப்பு. ஆனால் ஒரு லிட்டர் எஞ்சின். ஏழு பேரும் ஏறி ஏசியும் போட்டால் இழுவை தெரியும். ஏழு சீட்டும் விரித்திருக்கும்போது டிக்கியில் 84 லிட்டர் இடம்தான், அதாவது இரண்டு தோள்பை. எர்டிகாவில் அதே நிலையில் 209 லிட்டர். கேரன்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சீர்வரிசைத் தட்டுகளோடு போகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

முட்டி வலி உள்ள பெரியவர்களை மூன்றாம் வரிசைக்கு அனுப்பாதீர்கள். அவர்களுக்கு வசதி நடு வரிசை. சீட்டின் உயரம் அவர்கள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்த செடானில் இறங்கி எழுந்திருப்பதும் சிரமம், உயர்ந்த எஸ்யூவியில் ஏறுவதும் சிரமம். வேகன்ஆர் போன்ற நிமிர்ந்த சின்ன வண்டியில் வயதானவர்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்.

நம் ரோட்டுக்கு எஸ்யூவிதான் சரி என்கிறார்களே?

உயரத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் சரி. அகலத்தைப் பொறுத்தவரை இல்லை.

தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் எந்த வண்டியும் ஓடும். நம் பாதி வாழ்க்கை நடப்பது கல்லணை–பூம்புகார் சாலை மாதிரியான ஆற்றங்கரைச் சாலைகளில். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் வீட்டுத் திண்ணை. எதிரே மினிபஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியாக வேண்டும். மழையில் அந்த மண் கரை தார் விளிம்பிலிருந்து அரை அடி தாழ்ந்திருக்கும். இறங்கும்போது தரையிலிருந்து உயரம் குறைந்த வண்டியின் அடி உரசும். ஸ்விஃப்ட், டிசையர் இரண்டுக்கும் 163 மில்லிமீட்டர், பஞ்சுக்கு 187, நெக்ஸானுக்கு 208. ஐந்து பேர் ஏறிய பிறகு எல்லாமே கொஞ்சம் இறங்கும். 180-க்கு மேல் இருந்தால் நம் பக்கத்து வேகத்தடைகளுக்குக் கவலையில்லை. வேகத்தடை என்ற பெயரில் ஊர்க்காரர்களே கட்டியவையும் இருக்கின்றன, அவற்றுக்கு எந்த அளவும் போதாது.

இப்போது அகலம். வேகன்ஆர் 1620 மில்லிமீட்டர், எர்டிகா 1735, கிரெட்டா 1790, எக்ஸ்யூவி 700 சுமார் 1890. இதில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை. வாய்க்கால் மதகுப் பாலங்களில், கைப்பிடிச் சுவர் இரண்டு பக்கமும் இருக்கும் இடத்தில், பெரிய வண்டிக்காரர் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் தெரு முனையிலும், தினம் தாண்டும் பாலத்திலும், வீட்டு கேட்டிலும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீடு வரை கொண்டுவரச் சொல்லி போர்டிகோவில் நிறுத்தி நாலு கதவையும் திறந்து பாருங்கள். ஷோரூம்காரர் தயங்கினால் அழுத்திக் கேளுங்கள், வருவார்கள்.

பெட்ரோல், டீசல், சிஎன்ஜி: எது?

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே என்றால் பெட்ரோல், மறுபேச்சு இல்லை.

இன்றைய டீசல் வண்டியில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற பாகம் இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து போகும். வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அடிக்கடி சென்னை, கோவை போகிறவருக்கு டீசல் இன்னும் நல்ல வண்டிதான்.

சிஎன்ஜி செலவு குறைவு. டிசையர் சிஎன்ஜிக்கு கிலோவுக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் என்று நிறுவனம் சொல்கிறது. ஓட்டத்தில் 25 வந்தாலும் லாபம். வாங்கும் முன் உங்கள் ஊரிலிருந்து பங்க் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு வரிசை நிற்கிறது, அழுத்தம் முழுசாகக் கிடைக்கிறதா என்று ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள். அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். சில வண்டிகளில் இரட்டைச் சிலிண்டரை டிக்கித் தரைக்கடியில் வைத்துக் கொஞ்சம் இடம் மிச்சப்படுத்துகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் அழுத்தச் சோதனை கட்டாயம். நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் நம் காலடியில் இருந்தே எரிவாயு எடுக்கிறார்கள், நமக்குத்தான் அடுத்த ஊர் வரை போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் மைலேஜ் குறையுமா?

குறையும், ஆனால் பேசிக்கொள்கிற அளவுக்கு இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. இந்தக் கலப்புக்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர் பாகங்கள், குழாய்கள் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்தால் எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்க்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்கவும் வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

மின்சாரக் கார் டெல்டாவுக்குச் சரிவருமா?

வரும், ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் தூரம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஐம்பத்தைந்து கிலோமீட்டர், கும்பகோணம் நாற்பது. நாகப்பட்டினம் போய் வந்தாலும் இருநூறுக்குள்தான். சமதளம், மலை ஏற்றம் கிடையாது. மின்சார வண்டிக்கு இதைவிட நல்ல நிலப்பரப்பு கேட்க முடியாது. நிறுவனம் சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்குப் போடுங்கள், ஏசியோடு அதுதான் நிஜம். சென்னை 340 கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் சாப்பிட நிறுத்தி வேகச் சார்ஜ் போட்டால் போய்ச் சேரலாம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஓட்டல்களை ஒட்டிச் சார்ஜர்கள் இருக்கின்றன. உள்ளே முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் போவதானால் வீட்டில் நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.

அப்புறம் செலவு. சின்ன மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 14 யூனிட் எடுக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 140 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று மேலாகவே போட்டாலும் 1,400 ரூபாய். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், 5,900 ரூபாய். மாதம் நாலரை ஆயிரம் மிச்சம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் கூடுதலாக ஏறும்போது வீட்டு மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டிவிடலாம். தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விகிதமே மாறி மொத்த பில்லும் ஏறும். ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடும் வீட்டில் இந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். கூரையில் சோலார் போட இடமிருந்தால் நல்லது. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு.

பம்புசெட் மின்சாரத்தில் சார்ஜ் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு, வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் முறைகேடு. இணைப்பே பறிபோகலாம்.

மூன்றாவது, வீட்டு வயரிங். எர்த் சரியில்லாத பழைய ஓட்டு வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் போடுவது ஆபத்து. தனி லைன், தனி எர்த், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். தெருவில் நிறுத்துகிறவர், மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட நினைக்கிறவர் எல்லாம் வேறு வண்டி பார்க்கலாம்.

நான்காவது, புயல். 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்களில் எத்தனையோ நாள் மின்சாரம் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே வண்டி மின்சார வண்டி என்றால் அந்த நாட்களில் என்ன செய்வோம் என்று யோசியுங்கள். இரண்டாவது வண்டியாக, அல்லது ஒரு பைக்கும் கூட இருக்கிற வீட்டில், தாராளமாக எடுக்கலாம். கடலோர ஊரில் ஒற்றை வண்டிக் குடும்பத்துக்கு நான் இன்னும் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

பேட்டரி உத்தரவாதம் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு அதற்கு மேலும் தருகின்றன. விற்றால் அது மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். மின்சார வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு காலவரம்பு போட்டு நீட்டிக்கப்பட்டு வருகிறது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட்?

நல்ல தொழில்நுட்பம். நின்று நின்று போகும் நகர நெரிசலில்தான் அதன் முழுப் பலன் தெரியும். நமக்கு நெரிசல் என்றால் மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு கால் மணி நேரம். கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு மூன்று லட்சத்தை மைலேஜில் திரும்ப எடுக்க நிறைய ஓட்ட வேண்டும்.

பாதுகாப்பு நட்சத்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாம், முழுசாகப் படித்தால். மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். விற்பனையாளர் சொல்வது எப்போதும் அதிகமாக இருப்பதைத்தான். எந்த வேரியன்ட்டுக்குக் கொடுத்தது, எந்த ஆண்டுச் சோதனை என்றும் பாருங்கள். 2018-ல் நெக்ஸான் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் நம் ஊர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே ஆரம்பித்தார்கள். 2024-ல் டிசையரும் ஐந்து வாங்கியது, அதனால் சின்ன வண்டி என்றால் தகரம் என்ற பேச்சுக்கு இப்போது பழைய வலு இல்லை.

நட்சத்திரத்தைவிட முக்கியமானது பின் சீட்டில் பெல்ட்டும், குழந்தைக்குத் தனி இருக்கையும். ஐந்து நட்சத்திர வண்டியை எடுத்துவிட்டு, கைக்குழந்தையை முன் சீட்டில் அம்மா மடியில் வைத்துக்கொண்டு போகிறோம். ஏர்பேக் விரிவது கண் இமைக்கும் நேரத்துக்குள். அந்த வேகம் குழந்தைக்கு எமன். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசில் நல்ல குழந்தை இருக்கை ஒன்றே வாங்கிவிடலாம்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா? அம்மாவும் ஓட்டப் பழகுகிறார்கள்.

எடுங்கள். சாதாரண கியர்பெட்டியையே தானாக மாற்றும் ஏஎம்டி வகை விலை குறைவு, மைலேஜும் நன்றாக வரும். கியர் மாறும்போது ஒரு சின்னக் குலுக்கல் இருக்கும், பழகிவிடும். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது போக்குவரத்து நின்றுவிட்டால் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இன்னும் மென்மை, விலை கூடுதல்.

தானாகப் பிரேக் பிடிக்கும் அடாஸ் வசதி பற்றியும் கேட்கிறார்கள். நான்குவழிச் சாலையில் உதவும். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியை நெல் காயப்போட்டிருக்க, மறுபாதியில் அறுப்பு மெஷின் வர, நடுவில் ஆடு ஓடும் இடத்தில் அது தேவையில்லாமல் பதறும். இருந்தால் இருக்கட்டும், அதற்காக மேல் வேரியன்ட் எடுக்க வேண்டாம்.

வெள்ளத்துக்கு இன்சூரன்ஸில் என்ன சேர்க்க வேண்டும்?

புது காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குக் கட்டாயம், அது எதிராளிக்கு. உங்கள் வண்டிக்கான பாலிசியில் புயல், வெள்ளம், மரம் விழுவது எல்லாம் சேரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் போய்ப் பிஸ்டன் தண்டு வளைந்தால் அதைச் சாதாரண பாலிசி ஏற்காது. நீங்களே செய்த பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். அதற்கென்றே “எஞ்சின் புரொடெக்ட்” சேர்க்கை இருக்கிறது. டெல்டாவில் வண்டி வைத்திருப்பவர் இதைத் தவிர்க்கக் கூடாது. அப்படியே முதல் சில வருடங்களுக்கு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனும்.

சேர்த்திருந்தாலும் நடைமுறை ஒன்றுதான்: தண்ணீர் சைலன்ஸர் மட்டத்தைத் தாண்டியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து வண்டியை இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

மின்சார வண்டியின் பேட்டரிக்கு ஐபி 67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. இரவெல்லாம் சேற்று வெள்ளத்தில் நிற்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எலி வயரைக் கடிக்கிறது. வண்டியைப் பொறுத்து இதுவும் மாறுமா?

இது டெல்டாவின் சொந்தப் பிரச்சினை. வயலில் கதிர் அறுத்தவுடன் எலிகள் ஊருக்குள் வரும். இரவில் சூடான எஞ்சின் அறை அவற்றுக்கு நல்ல இடம். எலி எல்லா வண்டியிலும் ஏறும், ஆனால் அடியில் மூடு தகடு உள்ள வண்டியில் நுழைவது கடினம். டெஸ்ட் டிரைவின்போது குனிந்து பாருங்கள், தகடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓட்டாவிட்டாலும் வாரம் இரண்டு தடவை பானெட்டைத் திறந்து வையுங்கள். பாலிசியில் எலிக் கடி சேருமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடவே இன்னொன்று: சாலையில் போரடிக்கப் பரப்பிய உளுந்துச் செடி, வைக்கோல் மேல் ஏறிப் போனால் அது அடியில் சுற்றிக்கொள்ளும். சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். தாண்டியவுடன் இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

நாகூரில் வீடு. துருப்பிடிக்காத வண்டி எது?

அப்படி ஒன்று இல்லை. உப்புக் காற்றில் அடிப்பகுதிக்கு ரஸ்ட் கோட்டிங் போடுவது அங்கே வீண் செலவு இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? சென்னையிலிருந்து நல்ல வண்டி குறைந்த விலைக்கு வருகிறதாம்.

குறைந்த விலைக்குக் காரணம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்திலும் நனைந்த வண்டிகள் எல்லாமே சென்னையிலேயே விற்றிருக்கும் என்று சொல்ல முடியாது, மாவட்டங்களுக்கும் வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், தரைவிரிப்புக்குக் கீழே ஊசல் வாடை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மத்திய அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை, அபராதங்கள், முன்பு வாடகை வண்டியாக ஓடியதா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடன் இருந்தால், அது தீர்ந்ததைப் பதிவேட்டில் குறிக்கும் படிவம் 35-ம் வங்கித் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் கூடாது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பழைய உரிமையாளரும் கோர்ட்டுக்கு அலைவார், நீங்களும் அலைவீர்கள்.

உங்கள் ஊரிலேயே ஓடிய, டிஎன் 49, டிஎன் 68 போட்ட, சர்வீஸ் செய்த மெக்கானிக்கைத் தெரிந்த வண்டிக்கு இருபதாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

புது நிறுவனங்கள் நிறைய வருகின்றன. நாளைக்கு மூடிவிட்டுப் போனால்?

நடந்திருக்கிறது. செவ்ரோலே 2017-ல் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரிலேயே ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன, ஆனால் மறுவிற்பனை விலை விழுந்தது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025-ல் ஆலை திறந்ததும் “நம் ஊர் வண்டி” என்று பலருக்கு ஆசை வந்திருக்கிறது. ஆலை எங்கே இருக்கிறது என்பதைவிட சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் போகும். மன்னார்குடியில் பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்று அதே மாடல் வைத்திருப்பவர் ஒருவரிடம் கேட்டாலே போதும்.

விவசாய வருமானத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா?

நெல் காசு வருடத்துக்கு இரண்டு தடவை வரும், கார் தவணை மாதா மாதம் வரும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் வங்கி காத்திருக்காது. வீட்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தால் அந்தச் சம்பளத்துக்குள் தவணையை அடக்குங்கள். இல்லாவிட்டால் முன்பணத்தை அதிகமாகப் போட்டு, ஆறு தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு வண்டி எடுங்கள். ஏழு வருடக் கடனுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வண்டி விலை இறங்கும் வேகத்துக்குக் கடன் இறங்காது.

ஆடியில் தள்ளுபடி, மார்கழியில் தள்ளுபடி. வாங்கலாமா?

ஆடியிலும் மார்கழியிலும் டெலிவரி எடுக்க ஆள் குறைவு என்பதால்தான் தள்ளுபடி. சாஸ்திரம் பார்க்கிறவர்களுக்கும் வழி உண்டு: ஆடிப்பெருக்கன்று நம் பக்கத்தில் ஷோரூம் வாசலில் இடம் கிடைக்காது. மார்கழியில் வண்டியை புக் செய்து, பில் போட்டு, தை முதல் நாள் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பதிவுத் தேதி புது வருடத்தில் விழுந்தாலும், தயாரித்த மாதம் வண்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். விற்கும்போது அதையும் பார்ப்பார்கள். டிசம்பர் தள்ளுபடி ஒரு வருட வயதுக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டெலிவரி அன்று எதைப் பார்க்க வேண்டும்?

மாலை, தேங்காய், எலுமிச்சம்பழத்துக்கு முன்னால், பதிவுக்கும் முன்னால், ஸ்டாக் யார்டில் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண் பில்லில் உள்ளதா, தயாரித்த மாதம் என்ன, ஐந்து டயரிலும் ஒரே வருடமா, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, பம்பர் ஓரங்களில் பெயின்ட் நிறம் மாறுகிறதா. ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு கண்ணாடியையும் இறக்கி ஏற்றுங்கள். குறை இருந்தால் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எண் ஏறிவிட்ட பிறகு வேறு வண்டி மாற்றித் தர மாட்டார்கள். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.